வடக்கு அடிவானத்துப் பச்சை: துருவ ஒளியா, வான் ஒளிர்வா?

வடதிசைப் பயணி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கடந்த பிப்ரவரி மாதத்தில், நிலவில்லாத ஓர் இரவில், நார்வேயின் ட்ரொம்சோ நகருக்கு வெளியே விளக்கொளி எட்டாத ஒரு கடற்கரையில் நின்று வடக்கு வானத்தைப் பத்து வினாடித் திறப்பில் தொடர்ந்து படமெடுத்தேன். கண்ணுக்கு வானம் வெறும் இருட்டாகவே தெரிந்தது. படங்களிலோ, அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 10 பாகை உயரத்தில், இடமிருந்து வலமாக மங்கலான பச்சைப் பட்டை ஒன்று ஒவ்வொரு படத்திலும் பதிந்திருந்தது.

சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றின் வேகம் அன்று வினாடிக்கு 340 கிலோமீட்டர் அளவிலேயே இருந்தது. அக்காற்றோடு வரும் காந்தப்புலம் பல மணி நேரமாக வடக்கு நோக்கியே இருந்தது. பூமியின் காந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை காட்டும் கே.பி. குறியீடு 1. உடன் வந்தவர்களில் ஒருவர் இதை வான் ஒளிர்வு, அதாவது ஏர்குளோ, என்று உறுதியாகச் சொன்னார். இன்னொருவர், அந்த அகலாங்கில் வடக்கே தெரியும் பச்சை எதுவானாலும் அது துருவ ஒளிதான், அதாவது அரோராதான், என்றார். நான் படித்த அளவில் இரண்டுக்கும் காரணம் ஆக்சிஜன் அணு. இரண்டின் அலைநீளமும் 557.7 நானோமீட்டர். நிறமும் ஒன்று, அணுவும் ஒன்று என்றால் இரண்டையும் எதைக் கொண்டு பிரித்தறிவது?

இரவுவான்

பயணி அவர்களே, தாங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் அது வான் ஒளிர்வு என்பதே என் கருத்து. பூமியின் எந்த மூலையிலும், எந்த இரவிலும், வானம் முழுமையாக இருட்டுவதில்லை. ஏறக்குறைய 97 கிலோமீட்டர் உயரத்தில் பச்சையாக ஒளிரும் மெல்லிய அடுக்கு ஒன்று உலகம் முழுவதையும் போர்த்தியிருக்கிறது. நேர் உச்சியில் பார்க்கும்போது அந்த அடுக்கின் குறைந்த தடிமன் வழியாகப் பார்க்கிறோம்; அடிவானத்தை நோக்கும்போது அதே அடுக்கைச் சாய்வாக, நீண்ட தொலைவுக்கு ஊடுருவிப் பார்க்கிறோம். அடிவானத்துக்கு மேலே 10 பாகையில் அதன் பொலிவு உச்சியில் உள்ளதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். அதற்கும் கீழே சென்றால் அடர்ந்த காற்றும் தூசும் ஒளியை விழுங்கத் தொடங்குவதால், 10 முதல் 15 பாகை உயரத்தில் ஒரு பட்டை போன்ற தோற்றம் தானாகவே உருவாகும். வான் ரைன் விளைவு என்று இதற்குப் பெயர். தாங்கள் சொல்லும் உயரமும் அதுவே.

மேலும், காந்தப்புலம் வடக்கு நோக்கி இருக்கையில் பூமியின் காந்தக் கதவு மூடியிருக்கும். துகள் உள்ளே வர வழியில்லாத இரவில் துருவ ஒளிக்கு ஏது இடம்?

கேள்விக்குறி

நான் கல்லூரி மாணவன், இத்துறைக்குப் புதியவன். சூரியனிலிருந்து புறப்படும் துகள்கள் பூமியின் காந்தக் கோடுகளால் துருவங்களுக்கு இழுக்கப்பட்டு, அங்கே காற்றில் மோதி ஒளி உண்டாக்குகின்றன என்று பாடத்தில் படித்திருக்கிறேன். சூரியக் காற்று இரவு பகலாக ஓயாமல் வீசுகிறதே, அப்படியிருக்க, கதவு மூடுவது என்றால் என்ன? அந்தத் துகள்கள் அப்போது எங்கே போகின்றன?

காந்தமுள்

கேள்விக்குறி கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஏனெனில் அந்தப் பாடப்புத்தக விளக்கம்தான் இழையின் முதல் கேள்வியையும் குழப்புகிறது என்று நினைக்கிறேன்.

சூரியக் காற்றில் வரும் ஓர் எலக்ட்ரானின் வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 10 எலக்ட்ரான் வோல்ட். வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் புரோட்டானின் ஆற்றல் 800 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல். பச்சைத் திரைகளின் அடிவிளிம்பு 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஆழம் வரை காற்றைத் துளைத்து இறங்க வேண்டுமானால் ஓர் எலக்ட்ரானுக்கு 5,000 முதல் 10,000 எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் தேவை. ஆகவே நாம் காணும் வழக்கமான துருவ ஒளியை எழுப்பும் எலக்ட்ரான், சூரியனிலிருந்து வந்த நிலையிலேயே நேராகக் காற்றில் விழுந்ததாக இருக்க முடியாது. இடையில் அதற்கு ஆற்றலை ஊட்டிய ஓர் இயந்திரம் இருக்க வேண்டும். அந்த இயந்திரம் பூமியின் காந்தக்கோளம், அதாவது பூமியைச் சூழ்ந்து அதன் காந்தப்புலம் ஆளும் பகுதி.

1961இல் ஜேம்ஸ் டங்கி முன்வைத்த கருத்து இன்றளவும் இத்துறையின் முதுகெலும்பு. சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருக்கும்போது, அது பூமியின் பகல்பக்கத்துப் புலத்துக்கு எதிர்த்திசையில் அமைகிறது. இரண்டு புலக்கோடுகளும் அறுந்து ஒன்றோடொன்று மறு இணைப்புக் கொள்கின்றன. ஒரு முனை பூமியிலும் மறுமுனை சூரியக் காற்றிலுமாகத் திறந்துகொண்ட அந்தக் கோடுகளைக் காற்று இரவுப் பக்கமாக இழுத்துச் செல்ல, பூமிக்குப் பின்னால் நீளும் காந்த வாலில் ஆற்றல் சேர்கிறது. வில்லை வளைத்து நாணேற்றுவது போன்றது இந்த நிலை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கலாம். பின்னர் வாலின் நடுவில் புலக்கோடுகள் மறுபடி இணைந்து பூமியை நோக்கித் தெறித்துச் சுருங்கும்போது, அங்கிருந்த பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்களாலான வாயு, சூடேறி உள்நோக்கிப் பாய்கிறது. 1964இல் அகாசோஃபு, தரையிலிருந்து எடுத்த முழுவானப் படங்களை ஒன்றுசேர்த்து, துருவ ஒளி அமைதியான வில்லாகத் தொடங்கி, வெடித்துப் பரவி, பின் அடங்கும் வரிசையை வரைந்து காட்டினார். அதற்குத் துணைப்புயல் என்று பெயர். வாலில் மறு இணைப்பு முந்தியா, பூமிக்கு அருகே மின்னோட்டம் குலைவது முந்தியா என்ற நெடுநாள் வழக்குக்காகவே 2007இல் தெமிஸ் என்ற ஐந்து விண்கலங்கள் ஏவப்பட்டன. 2008 பிப்ரவரி 26 அன்று அவை பதிவுசெய்த நிகழ்வில் மறு இணைப்பு முந்தியிருந்தது. துருவ ஒளி அதன் பிறகே பொலிவு பெற்றது.

வாலிலிருந்து வரும் எலக்ட்ரான்களும் அப்படியே விழுவதில்லை. தரைக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மேலே, காந்தக் கோடுகளை ஒட்டி உருவாகும் மின்புலமும், அக்கோடுகளில் நாண் அதிர்வதுபோல் ஓடும் ஆல்ஃவேன் அலைகளும் அவற்றை இறுதியாக முடுக்குகின்றன. தனித்தனி வில்களாகவும் திரைகளாகவும் நாம் காணும் கூரிய வடிவங்கள் இந்த முடுக்கத்தின் விளைவு.

நேரடி நுழைவே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. பகல்பக்கத்தில் காந்தக் கோடுகள் புனல்போல் குவியும் இடத்தில் சூரியக் காற்றின் துகள்கள் நேரே இறங்குகின்றன. ஆற்றல் குறைவாதலால் அவை உயரத்திலேயே நின்றுவிட, 630.0 நானோமீட்டர் சிவப்பே மேலோங்கித் தெரிகிறது. குளிர்காலத்தில் நண்பகலிலும் இருட்டாக இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளிலிருந்து இதைக் காணலாம். பாடப்புத்தகம் சொல்லும் கதை பொருந்துவது இந்தச் சிறு பகுதிக்குத்தான்.

இனி, கதவு மூடியிருக்கும் என்று இரவுவான் அவர்கள் எழுதியதற்கு வருகிறேன். புலம் வடக்கு நோக்கி இருந்தால் பகல்பக்க மறு இணைப்பு ஓய்கிறது, துணைப்புயல் அருகுகிறது என்பது உண்மை. ஆனால் வாலில் ஏற்கெனவே இருக்கும் சூடான பிளாஸ்மா அதனால் மறைந்துவிடுவதில்லை. பிளாஸ்மா அலைகள் அந்த எலக்ட்ரான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறடித்துக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. காந்தத் துருவத்தைச் சுற்றி அமையும் துருவ ஒளி வளையம் சுருங்கி வடக்கே நகர்கிறது, மங்குகிறது, அணைவதில்லை. 110 கிலோமீட்டர் உயரத்திலுள்ள ஒளி, பூமியின் வளைவைக் கணக்கிட்டால், ஏறக்குறைய 1,180 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் அடிவானத்தில் தெரியும். ஆகவே ட்ரொம்சோவுக்கு வடக்கே ஒதுங்கிய அமைதியான வளையத்தை வடக்கு அடிவானத்தில் காண்பதற்கு எந்தத் தடையும் இல்லை. கே.பி. 1 என்பது மட்டும் துருவ ஒளி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இரவுவான்

காந்தமுள் அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். கதவு மூடுவது என்ற உவமையை நான் அளவுக்கு மீறி நீட்டிவிட்டேன். ஆனால் இதனால் பயணியின் கேள்வி தீரவில்லை. இரண்டும் இயலும் என்ற இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம். வடக்கே ஒதுங்கிய வளையமும் அங்கே இருக்கும், வான் ஒளிர்வின் அடுக்கும் அங்கே இருக்கும். படத்தில் பதிந்தது எது?

நிறமாலை

பல ஆண்டுகளாக இரவு வானத்தின் நிறமாலையைப் பதிவுசெய்து வருபவன் என்ற முறையில், இந்த இழையில் மிகவும் விருப்பத்தோடு எழுதுகிறேன். பயணி அவர்கள் கேட்டிருப்பது 150 ஆண்டுகளுக்கும் மேலான கேள்வி. 1860களின் பிற்பகுதியில் ஆங்ஸ்ட்ரோம் துருவ ஒளியைப் பட்டகத்தின் வழியே பார்த்து, அதில் ஒரே ஒரு பச்சைக் கோடு ஓங்கி நிற்பதைக் கண்டார். பின்னர் துருவ ஒளியே இல்லாத விண்மீன் இரவொன்றிலும், வானத்தின் எல்லாத் திசைகளிலும், அதே கோட்டை மங்கலாகக் கண்டார். இரண்டும் ஒன்றுதானா என்ற குழப்பம் அன்றே பிறந்தது.

அந்தக் கோடு எந்தத் தனிமத்துக்கு உரியது என்பதே 60 ஆண்டுகளாகத் தெரியவில்லை. காற்றின் உச்சியில் அறியப்படாத வாயு ஒன்று இருக்கிறது என்று சிலர் எண்ணினர். உறைந்த நைட்ரஜன் துகள்கள் அதை உமிழ்கின்றன என்று வேகார்ட் வாதிட்டார். 1923இல் பாப்காக், துருவ ஒளியைத் தேடிப் போகாமல், சாதாரண இரவு வானத்திலிருந்தே அலைநீளத்தைத் துல்லியமாக அளந்தார். 1925இல் டொராண்டோவில் மெக்லெனனும் ஷ்ரமும் ஹீலியம் கலந்த ஆக்சிஜனில் மின்சாரம் பாய்ச்சி, அதே கோட்டை ஆய்வகத்தில் எழுப்பிக் காட்டினர். இத்தனை காலம் அது ஆய்வகத்தில் அகப்படாததற்குக் காரணம், கிளர்ச்சியுற்ற அந்த ஆக்சிஜன் அணு ஒளியை உமிழ ஏறக்குறைய முக்கால் வினாடி எடுத்துக்கொள்வதுதான். அடர்ந்த வாயுவில் அதற்குள் வேறு மூலக்கூறு மோதி அந்த ஆற்றலைப் பறித்துவிடும். சிவப்புக் கோட்டுக்கோ ஏறக்குறைய 110 வினாடி தேவை. அதனால்தான் 200 கிலோமீட்டருக்கு மேலே, காற்று மிகவும் நீர்த்த இடத்தில் மட்டுமே சிவப்பு நிலைக்கிறது.

இனி நேரடியாக விடைக்கு வருகிறேன். பச்சைக் கோட்டை எழுப்ப ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு 4.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். பகலில் சூரியனின் புறஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அணுக்களாகப் பிளக்கிறது. அந்த அணுக்கள் 95 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில் இரவு முழுவதும் தாக்குப்பிடித்து, மெல்ல மெல்ல மீண்டும் இணைகின்றன. இரண்டு அணுக்கள் இணையும்போது 5.1 எலக்ட்ரான் வோல்ட் வெளிப்படுகிறது; அது மூன்றாவது அணு ஒன்றுக்குக் கைமாறும்போது பச்சை ஒளி பிறக்கிறது. வான் ஒளிர்வு என்பது பகலில் சேமித்து இரவில் செலவழிக்கப்படும் சூரிய ஒளி. இதற்குச் சூரியக் காற்றின் துகள் ஒன்றுகூடத் தேவையில்லை.

அதே 4.2 எலக்ட்ரான் வோல்ட்டை விழும் எலக்ட்ரானும் எளிதாகக் கொடுத்துவிடும். எனவே பச்சைக் கோடு, தன்னை எழுப்பியது யார் என்பதைச் சொல்லாது. சொல்லக்கூடியது 427.8 நானோமீட்டரில் உள்ள நீலப் பட்டை. அது நைட்ரஜன் மூலக்கூற்றின் அயனியிலிருந்து வருகிறது. நைட்ரஜனிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி, மிச்சமுள்ள அயனியையும் கிளர்ச்சியுறச் செய்ய 18.75 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இணைவதால் கிடைக்கும் 5.1 எலக்ட்ரான் வோல்ட்டைக் கொண்டு அந்தப் படியை ஏறவே முடியாது. ஆகவே நள்ளிரவு வானத்தில் 427.8 தெளிவாக இருந்தால் துகள் விழுகிறது என்று துணிந்து சொல்லலாம். பச்சையும் நீலமும் சேர்ந்து உயர்ந்து சேர்ந்து தாழ்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் அன்றாட வேலையில் நான் நம்பும் சோதனை. துடிக்கும் துருவ ஒளியில் இது இன்னும் அழகாக வெளிப்படும்: நீலம் உடனுக்குடன் துடிக்கும், பச்சை அந்த முக்கால் வினாடித் தாமதத்தால் குழைந்து காணப்படும்.

இரவுவான்

சோதனை தெளிவாக இருக்கிறது. இரண்டு ஐயங்களை மட்டும் எழுப்புகிறேன். முதலாவது, அந்தி வேளையில் தரை இருட்டாக இருந்தாலும் மேல்வானத்தில் வெயில் படும். அப்போது அங்குள்ள நைட்ரஜன் அயனிகள் சூரிய ஒளியையே வாங்கி 427.8இல் உமிழும். இரண்டாவது, நீலம் இல்லை என்பதைக் கொண்டு அது வான் ஒளிர்வுதான் என்று முடிவுகட்டலாமா?

நிறமாலை

முதல் ஐயம் முற்றிலும் சரியானது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே நன்றாக இறங்கிய பிறகே இந்தச் சோதனையை நம்ப வேண்டும்.

இரண்டாவதற்கு என் விடை, கூடாது என்பதே. ஸ்டீவ் என்று பெயர் பெற்ற ஊதா நிறக் கீற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் தன்னார்வப் படக்கலைஞர்கள் கவனத்துக்குக் கொண்டுவந்த அந்தக் கீற்றுக்குள் வினாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வேகத்தில் அயனிகள் பாய்வதை ஸ்வார்ம் செயற்கைக்கோள் அளந்தது. ஆனால் அதை எழுப்பும் அளவுக்குத் துகள்கள் விழுவது காணப்படவில்லை. அதன் அடியில் வேலிக்கம்புகள் போல் நிற்கும் பச்சைக் கோடுகளை 2019இல் ஆராய்ந்தபோதும் நைட்ரஜன் அயனியின் நீலம் அகப்படவில்லை. அது வழக்கமான துருவ ஒளியும் அன்று, வான் ஒளிர்வும் அன்று. நீலம் இருந்தால் துகள் விழுகிறது. நீலம் இல்லாவிட்டால் வலுவான துகள் மழை இல்லை என்பது வரை மட்டுமே சொல்லலாம்.

கேள்விக்குறி

அப்படியானால் வான் ஒளிர்வுக்கும் சூரியக் காற்றுக்கும் தொடர்பே இல்லையா? இரண்டையும் ஒரே ஆய்வில் சேர்த்துப் படிப்பதற்கு என்ன தேவை?

காந்தமுள்

தொடர்பு உண்டு, ஆனால் அது சுற்றுவழித் தொடர்பு. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியோடு வான் ஒளிர்வு கூடிக் குறைவதற்குப் புறஊதாக் கதிரின் ஏற்ற இறக்கமே முதன்மைக் காரணம். காந்தப்புயலின்போது வேறொரு வழி திறக்கிறது. துருவப் பகுதியில் பாயும் மின்னோட்டங்கள் மேல்வளிமண்டலத்தைச் சூடேற்றுகின்றன. சூடேறிய காற்று விரிந்து மேலெழுகிறது. அதன் அடர்த்தி உயரத்தில் கூடுகிறது. 2022 பிப்ரவரியில் மிதமான புயல் ஒன்றிலேயே, அப்போதுதான் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 இழக்கப்பட்டதற்குக் காரணம் இந்த அடர்த்திதான். அதே வெப்பம், நைட்ரஜன் மிகுந்த காற்றை மேலே தூக்கி ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தைக் குறைக்கிறது. மேலும் அது, நிலநடுக்கோட்டை நோக்கிக் காற்றையும் அலைகளையும் அனுப்புகிறது. அந்த அலைகள் கடந்து செல்லும்போது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், 630.0 நானோமீட்டர் வான் ஒளிர்வில் ஒளியும் நிழலுமாகப் பட்டைகள் நகர்வதைப் படக்கருவி காட்டுகிறது. துருவ ஒளியில் கொட்டப்பட்ட ஆற்றல் எங்கே போனது என்பதைத் தேடுகிறவருக்கு வான் ஒளிர்வு ஒரு தடம்.

ஒளியின் அலைநீளத்தில் ஏற்படும் நுண்ணிய நகர்வை ஃபேப்ரி-பெரோ குறுக்கீட்டுமானியால் அளந்தால், 97 கிலோமீட்டரிலும் 250 கிலோமீட்டரிலும் காற்று எத்திசையில் வீசுகிறது என்பதையே தரையிலிருந்து அறியலாம். 97 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நிற்க பலூனாலும் முடியாது, செயற்கைக்கோளாலும் முடியாது. அந்த உயரத்தின் காற்றை அறிய இந்த மங்கலான ஒளியைவிட எளிய துணை நமக்கு வேறில்லை என்பதாலேயே நான் இத்துறையில் இருக்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒன்றும் உண்டு. 1956இல் பிரான்சில் பார்பியே கண்டறிந்த நிலையான சிவப்பு வில், ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், துருவ ஒளி வளையத்துக்குத் தெற்கே தோன்றுவது. புயலின்போது பூமியைச் சுற்றும் வளைய மின்னோட்டத்தின் வெப்பம் காந்தக் கோடுகள் வழியே கீழே கசிந்து, அயனி மண்டலத்து எலக்ட்ரான்களைச் சூடேற்றுகிறது. சூடேறிய எலக்ட்ரான்கள் சிவப்புக் கோட்டுக்குத் தேவையான 2 எலக்ட்ரான் வோல்ட்டைத் தந்துவிடுகின்றன. பச்சைக்கு அவை போதா.

வடதிசைப் பயணி

விளக்கங்களை எல்லாம் இரண்டு முறை படித்த பிறகு அன்றைய படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். என்னிடம் நீல வடிகட்டி இல்லை. ஆகவே நிறமாலை அவர்கள் சொன்ன சோதனையை அந்த இரவுக்குச் செய்ய இயலாது. ஆனால் நள்ளிரவுக்குச் சற்று முன் சுற்றுவட்டம் முழுவதையும் ஒரே திறப்பில், ஒரே அமைப்பில் எடுத்த பன்னிரண்டு படங்கள் இருந்தன. தெற்கு அடிவானத்திலும் அதே 10 பாகை உயரத்தில் பச்சை பதிந்திருக்கிறது. கிழக்கிலும் மேற்கிலும் இருக்கிறது. இரவுவான் அவர்கள் சொன்ன வான் ரைன் விளைவு அப்படியே தெரிகிறது.

பிறகு தெற்குப் படத்தின் பச்சையளவை, உயரத்துக்கு உயரம், வடக்குப் படத்திலிருந்து கழித்துப் பார்த்தேன். முழுவதும் கழிந்துவிடவில்லை. வடக்கே, அடிவானத்துக்கு மேலே 6 முதல் 9 பாகைக்குள், குறுகிய வில் ஒன்று மிஞ்சுகிறது. அதன் மேற்பக்கம் மெல்லக் கரைகிறது. அடிவிளிம்போ கூர்மையாக இருக்கிறது. அடுத்தடுத்த படங்களில் அது அரை பாகை அளவு தெற்கே நகர்ந்து, பின் மங்கியிருக்கிறது.

இரவுவான்

கூரிய அடிவிளிம்பை வான் ஒளிர்வு தராது. வில்லைத் தாங்கள் கண்டுவிட்டீர்கள் என்றே கருதுகிறேன். என் முதல் பதிவின் முடிவைத் திரும்பப் பெறுகிறேன். ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டும்: தெற்கில் தொலைதூர நகரங்களின் விளக்கொளி கலந்திருந்தால் கழித்தல் கணக்கு பிழைபடும். நகர விளக்கொளி பச்சையில் மட்டுமல்லாமல் சிவப்பிலும் நீலத்திலும் சேர்ந்தே ஏறும். ஆகவே மூன்று நிற அளவுகளையும் தனித்தனியே கழித்துப் பாருங்கள்.

நிறமாலை

அதோடு, கழித்தபின் மிஞ்சிய வில்லின் பொலிவை விண்மீன்களோடு ஒப்பிட்டு அளக்க முடிந்தால் நல்லது. வான் ஒளிர்வின் பச்சை உச்சியில் பொதுவாக 250 ரேலி (வான ஒளியின் பொலிவை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். 10 பாகை உயரத்தில் அது 1,000 ரேலியை நெருங்கும். கண்ணுக்கு அரும்பத் தெரியும் துருவ ஒளியின் அளவும் ஏறக்குறைய அந்த 1,000 ரேலிதான். ஆகவே தங்கள் கண்ணுக்கு எட்டாத வில் ஒன்று தன் அளவுக்கு நிகரான இன்னொரு பச்சையின் மேல் படிந்து கிடந்திருக்கிறது. உடன் வந்த இருவர் இருவேறு பெயர் சொன்னதில் வியப்பில்லை. அடுத்த முறை 427.8க்கான இரண்டு, மூன்று நானோமீட்டர் அகல வடிகட்டி ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். அதை அடுத்த அலைநீளத்துக்கு இன்னொரு வடிகட்டியும் வேண்டும். விண்மீன் ஒளியைக் கழிக்காமல் நீலத்தை நம்பக் கூடாது.

வடதிசைப் பயணி

மூன்று நிறங்களையும் பிரித்துக் கழித்துவிட்டேன். தெற்கில் 4 பாகைக்குக் கீழே மட்டும் விளக்கொளி இருக்கிறது. அதற்கு மேலே சிவப்பும் நீலமும் இரு திசைகளிலும் ஏறக்குறைய ஒன்றே. வில் பச்சையில் மட்டும் நிற்கிறது. விண்மீன் ஒப்பீட்டைத் தொடங்கியிருக்கிறேன். முடிந்ததும் அளவுகளோடு இதே இழையில் பதிகிறேன். வடிகட்டிகள் வரும் பருவத்துக்குள் கையில் இருக்கும்.